அடால்ஃப் சூட்ரோ: சுருட்டுக்கடை முதல் மேயர் நாற்காலி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஊரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வருகிறவர்களை நான் தவறாமல் லேண்ட்ஸ் எண்ட் என்ற கடலோரத்துக்கு அழைத்துப் போவேன். மேலே சாலை, கீழே கடல், நடுவே சரிவில் கூரையில்லாத கான்கிரீட் தொட்டிகள். அவற்றில் பாசி படிந்த பச்சைத் தண்ணீர், ஓரமாக நீந்தும் வாத்துகள். "இது என்ன, யார் வெட்டிய குளம்?" என்ற கேள்வி உடனே வரும். வெட்டியவர் பெயர் சூட்ரோ என்றதும் அடுத்த பத்துக் கேள்விகள் வரிசை கட்டும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த சூட்ரோ?

ஜெர்மனியில் பிறந்து, இருபது வயதில் அமெரிக்கா வந்து, சுருட்டு விற்று, மலையைக் குடைந்து பணம் பார்த்து, அந்தப் பணத்தில் மணல்மேடாக நிலம் வாங்கிக் குவித்து, 64 வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1895 ஜனவரி முதல் 1897 ஜனவரி வரை இரண்டே ஆண்டுகள்தான் பதவி. அவர் வாழ்க்கையிலேயே சோபிக்காத பகுதி அந்த இரண்டு ஆண்டுகள்தான் என்பது என் கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கையில் காசில்லாமல் கப்பல் ஏறியவரா?

இல்லை. குடியேறி வந்தவர் என்றாலே கிழிந்த சட்டையும் காலி வயிறுமாகக் கற்பனை செய்வது நம் பழக்கம். சூட்ரோ 1830 ஏப்ரல் 29 அன்று ஆகன் நகரத்தில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா. யூதக் குடும்பம், அப்பா துணி ஆலை வைத்திருந்தவர், வீடு நிறையப் பிள்ளைகள். அப்பா இறந்துபோனதும் சின்ன வயதிலேயே சூட்ரோ தலையில் ஆலைப் பொறுப்பு விழுந்தது. 1848 புரட்சிக் குழப்பத்தில் வியாபாரம் படுத்தது. 1850-இல் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

குடும்பம் கிழக்குக் கரையில் பால்டிமோரில் தங்கியது. சூட்ரோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடிக்கொண்டிருந்த நேரம். பனாமா கால்வாய் வெட்டப்படாத காலம் என்பதால் ஒரு பக்கம் கப்பலில் இறங்கி, காட்டு வழியாகக் குறுக்கே கடந்து, மறுபக்கம் இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டும். அப்படித்தான் அதே ஆண்டின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்.

தங்கம் தோண்டினாரா?

தோண்டவில்லை. தோண்டுகிறவர்களுக்குச் சுருட்டு விற்றார்.

அப்புறம் எப்படிச் சுரங்க வேலைக்குள் போனார்?

1859-இல் பக்கத்து நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வர்ஜீனியா சிட்டி என்ற ஊரே அதன்மேல்தான் முளைத்தது. அடுத்த ஆண்டு சூட்ரோ அங்கே போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதியது ஒரே விஷயம்: இவர்கள் சுரங்கம் வெட்டும் முறையே தவறு.

மலை உச்சியிலிருந்து கிணறு மாதிரி கீழே வெட்டிக்கொண்டு போனார்கள். ஆழம் கூடக்கூட ஊற்று பீறிட்டது, அதுவும் கொதிக்கிற சுடுதண்ணீர். அதை நீராவி பம்பு வைத்து மேலே இறைக்க வேண்டும். தாதுவையும் மேலேதான் தூக்க வேண்டும், காற்றையும் மேலிருந்துதான் அனுப்ப வேண்டும். சூட்ரோ சொன்னது எளிது. தொட்டியைக் காலி செய்ய மேலிருந்து வாளி வாளியாக இறைப்பானேன்? அடியில் ஒரு ஓட்டை போட்டால் போதாதா? மலையடிவாரத்தில் கார்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து படுக்கைவாட்டில் ஒரு சுரங்கப்பாதை குடைந்து கிணறுகளின் அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தண்ணீர் தானாக வடியும், காற்று போய்வரும், தாது வண்டி சரிவில் தானே இறங்கும், உள்ளே தீப்பிடித்தால் ஆட்கள் ஓடிவர ஒரு வழியும் இருக்கும்.

அவர் பொறியாளர் இல்லை. சுருட்டுக்கடைக்காரர் வந்து நமக்குச் சுரங்கம் சொல்லித் தருகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு.

நல்ல யோசனைதானே, ஏன் எதிர்த்தார்கள்?

முதலில் எதிர்க்கவில்லை. 1865-இல் நெவாடா சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. 1866-இல் அமெரிக்கக் காங்கிரஸும் சட்டம் போட்டது. சுரங்கக் கம்பெனிகள் தோண்டும் தாதுவில் டன்னுக்கு 2 டாலர் சூட்ரோவுக்குத் தருவதாகக் கையெழுத்தும் போட்டன.

பிறகு பேங்க் ஆஃப் கலிஃபோர்னியா குறுக்கே வந்தது. அதை நடத்திய வில்லியம் ரால்ஸ்டன் சான் ஃபிரான்சிஸ்கோவில், அவருடைய ஆள் வில்லியம் ஷாரன் வர்ஜீனியா சிட்டியில். ஷாரனின் வழி சுலபமானது: தாது அரைக்கும் ஆலைக்காரர்களுக்குக் குறைந்த வட்டிக்குத் தாராளமாகக் கடன் கொடு, அவர்கள் தள்ளாடும்போது ஆலையை எடுத்துக்கொள். இப்படி ஆலைகள், மரக்கடைகள், கடைசியில் ரயில் பாதை எல்லாம் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. சூட்ரோவின் பாதை திறந்தால் தாது மலையடியில் வெளியே வரும். அப்புறம் மேலே இருக்கிற ஆலைக்கும் ரயிலுக்கும் என்ன வேலை? கடன் கொடுக்காதே, பங்கு வாங்காதே என்று எல்லாக் கதவையும் சாத்தினார்கள். கையெழுத்துப் போட்ட கம்பெனிகளும் பின்வாங்கின. சூட்ரோ நியூயார்க், வாஷிங்டன், ஐரோப்பா என்று அலைந்தார்.

இந்த அலைச்சல் ஆண்டுகளில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்கும் விடுதி நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் அவர் மனைவி லியா. சூட்ரோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

பிறகு எப்படித் தொடங்கினார்?

ஒரு தீ விபத்து. 1869 ஏப்ரல் 7 காலையில் யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் தீப்பிடித்தது. புகை பக்கத்துச் சுரங்கங்களுக்கும் பரவியது. வெளியே வர வழி ஒன்றுதான், மேலே போகும் தூக்குக்கூண்டு. முப்பத்தைந்து பேராவது செத்தார்கள். சிலருடைய உடல்களைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை.

செப்டம்பரில் சூட்ரோ வர்ஜீனியா சிட்டியின் நாடக அரங்கில் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினார். கீழே ஒரு வழி இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்பதுதான் பேச்சின் சாரம். ஆங்கிலம் அவர் தாய்மொழி இல்லை, பேச்சில் ஜெர்மன் வாடை கடைசிவரை போகவில்லை. ஆனாலும் கூட்டம் கட்டுண்டு கேட்டது. தொழிலாளர் சங்கம் 50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. கோடீசுவரர்கள் கொடுக்காத பணம், நாள்கூலிக்காரர்கள் கொடுத்தார்கள். அக்டோபர் 19 அன்று முதல் மண்வெட்டி விழுந்தது. செத்தவர்களை வைத்துப் பங்கு விற்றார் என்று அப்போதே குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அவர் 1860-களில் எழுதிய திட்டத்திலேயே தப்பும் வழி பற்றிய பேச்சு உண்டு. தீ வந்தபின் கண்டுபிடித்த வாதம் அல்ல.

பெரும்பணம் பின்னால் லண்டனிலிருந்து, மெக்கால்மான்ட் சகோதரர்கள் என்ற வங்கிக்காரர்களிடமிருந்து வந்தது.

எவ்வளவு நாள் தோண்டினார்கள்?

ஒன்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நீளம் கிட்டத்தட்ட 20,500 அடி, நாலு மைலுக்குச் சற்றுக் குறைவு. முதலில் கையால் வெடிக்குழி போட்டார்கள். 1874 வாக்கில் காற்றழுத்தத் துளைக்கருவி வந்தபின்தான் வேகம் பிடித்தது. உள்ளே போகப் போகச் சூடு 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது.

1878 ஜூலை 8 இரவு சேவேஜ் சுரங்கத்தின் கிணற்றோடு பாதை இணைந்தது. இடையில் இருந்த கடைசிப் பாறை வெடித்ததும், அடைபட்டுக் கிடந்த சூடான காற்று சுரங்கப்பாதைக்குள் சீறிக்கொண்டு வந்தது. கம்பெனித் தலைவர் சூட்ரோ, 48 வயதுக்காரர், இடுப்புக்கு மேலே துணியில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஓட்டை சரியாக ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாவதற்குள் தானே அதில் ஊர்ந்து மறுபக்கம் போய்விட்டார்.

பெரும் லாபம் வந்திருக்குமே?

அவருக்கு வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. பாதை திறந்தபோது சுரங்கங்கள் அதைவிட ஆழத்துக்குப் போய்விட்டன. பாதை சேர்ந்த இடம் சுமார் 1,650 அடி ஆழம். வேலை நடந்ததோ 2,000 அடிக்கும் கீழே. எழுபதுகளின் நடுவில் கிடைத்த பெரும் வெள்ளிப் புதையலும் அதற்குள் மேல்வழியாகவே காலியாகிவிட்டது. தண்ணீரைப் பாதி தூரம் இறைத்தால் போதும் என்ற அளவில் உதவியது, பத்தாண்டு தாமதமான உதவி.

1879-இல் கம்பெனிகளோடு கட்டண ஒப்பந்தம் முடிந்த கையோடு சூட்ரோ தன் பங்குகளைச் சத்தமில்லாமல் விற்றுவிட்டு விலகினார். அப்புறம் பங்கின் விலை சரிந்தது. பாதையை நம்பிப் பணம் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சரியான நேரத்தில் விலகிய கெட்டிக்காரரா, மற்றவர்களை மாட்டிவிட்டுப் போனவரா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். நெவாடாவிலிருந்து செனட்டராக முயன்றும் தோற்றார்.

நகரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவருடையது என்பது உண்மையா?

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு அதுதான். ஆனால் இன்றைய சான் ஃபிரான்சிஸ்கோ நில விலையை மனதில் வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். 1880-களில் அவர் வாங்கியது நகரத்தின் மேற்குப் பக்கம்: மணல்மேடு, புதர், பனிமூட்டம், கடல்காற்று. அங்கே யார் குடியிருப்பார்கள் என்று கேட்ட காலம்.

அந்த மொட்டைக் குன்றுகளில் லட்சக்கணக்கில் மரம் நட்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தும் நடவைத்தார். 1886-இல் கலிஃபோர்னியாவின் முதல் மரம் நடும் நாளை நடத்தியதிலும் அவர் பங்கு பெரியது. அதிகம் நட்டது நமக்குத் தெரிந்த மரம்தான், ஊட்டியில் தைலம் காய்ச்சும் அதே யூகலிப்டஸ். இன்றும் சூட்ரோ மலையில் ஈரமான நாளில் ஏறினால் நீலகிரித் தைல வாசனை மூக்கைத் துளைக்கும். அங்கேயும் இங்கேயும் ஒரே சண்டை வேறு: வெளியூர் மரம், தண்ணீரை உறிஞ்சுகிறது, தீப்பிடிக்கும், வெட்டு என்று ஒரு கட்சி, வளர்ந்த காட்டை வெட்டாதே என்று இன்னொரு கட்சி.

கடலைப் பார்த்த குன்றில் தனக்கு வீடு வைத்துக்கொண்டு, சுற்றிலும் தோட்டம் போட்டு, ஐரோப்பியச் சிலைகளின் நகல்களை வரவழைத்து நிறுத்தி, யார் வேண்டுமானாலும் வந்து உலாவலாம் என்று திறந்துவிட்டார். சூட்ரோ ஹைட்ஸ் என்பது அதுதான். அதற்குக் கீழே பாறை விளிம்பில் இருந்த கிளிஃப் ஹவுஸ் என்ற உணவு விடுதியையும் வாங்கினார்.

5 சென்ட் சண்டை என்கிறார்களே, அது என்ன?

நம்மூரில் சென்ட் என்றால் நிலம். இங்கே சொல்வது சில்லறைக் காசு. அவர் மேயரானதே இந்தக் காசால்தான்.

கடற்கரை நகர மையத்திலிருந்து வெகுதூரம். வண்டி வைத்திருப்பவர்கள்தான் வர முடியும். ரயில் விட்டார்கள். ஆனால் அது சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பிடிக்குள் போனதும், 5 சென்ட்டில் முடிய வேண்டிய பயணத்துக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். போகவர ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. கட்டணத்தைக் குறையுங்கள் என்று சூட்ரோ கேட்டார், மறுத்தார்கள். ஊரைத் திரட்டிச் சண்டைக்கு நின்றார். கடைசியில் தானே ஒரு மின்சார ரயில் பாதை போட்டு 5 சென்ட்டுக்கு ஓட்டினார்.

பாதையின் முடிவில் இருந்தது அவருடைய விடுதியும் அவர் கட்டிக்கொண்டிருந்த குளியல் மாளிகையும் என்பதை மறக்கக் கூடாது. கூட்டம் வந்தால் லாபம் அவருக்கு. ஏழைகளுக்காகத்தான் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஒரு ரயில் கட்டணத்துக்காகவா மேயராக்கினார்கள்?

சதர்ன் பசிபிக்கை அந்நாளைய கலிஃபோர்னியாவில் 'ஆக்டோபஸ்' என்பார்கள். சரக்குக் கட்டணம், நிலம், சட்டமன்றம், பத்திரிகை என்று எட்டுக் கையாலும் மாநிலத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதை எதிர்த்து ஒருவர், அதுவும் விலைக்கு வாங்க முடியாத அளவு பணக்காரர் ஒருவர் நிற்கிறார் என்றால் ஜனங்களுக்குப் பிடிக்காதா? 1893-இல் பொருளாதாரச் சரிவு வேறு. 1894 நவம்பர் தேர்தலில் பாப்புலிஸ்ட் கட்சி, அதாவது விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த மக்கள் கட்சி, அவரை நிறுத்தியது. இரண்டு பெரிய கட்சிகளையும் தள்ளிவிட்டு எளிதாக ஜெயித்தார்.

மேயராக என்ன செய்தார்?

பெரிதாக ஒன்றுமில்லை.

அப்போதைய நகரச் சட்டம் மேயருக்குக் கொடுத்த அதிகாரம் சொற்பம். பன்னிரண்டு சூப்பர்வைசர்கள், நம் கவுன்சிலர்கள் மாதிரி, கையில்தான் காசும் ஒப்பந்தமும். அவர்களில் பலர் கட்சித் தரகர்களின் ஆட்கள். சூட்ரோவோ முப்பது வருடமாகத் தான் சொன்னதே சட்டம் என்று தொழில் நடத்தியவர். பேரம் பேசவும், விட்டுக்கொடுக்கவும், எதிரியோடு காப்பி சாப்பிடவும் அவருக்கு வரவில்லை. அதிகாரம் இல்லாததைக் காரணம் காட்டுகிறவர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதே சட்டத்தின் கீழ் மற்ற மேயர்களும் காலம் தள்ளினார்கள்.

1896-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். மேயராக அவர் தவித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் அவருடைய சொந்த ரயில் ஓடத் தொடங்கியது. 1894 கிறிஸ்துமஸ் அன்று எரிந்துபோன கிளிஃப் ஹவுஸ், கோபுரங்களோடு மாளிகை மாதிரி எழும்பித் திறந்தது. மார்ச்சில் குளியல் மாளிகை திறந்தது. தன் காசு, தன் முடிவு என்றால் மலையைக் குடைவார். பன்னிரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால் கை நின்றுவிடும்.

இரண்டு காரியங்களைச் சொல்லலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவம் முதலிய கல்லூரிகளுக்காகத் தன் நிலத்தில் 13 ஏக்கர் கொடுத்தார். இன்று உலகப் புகழ்பெற்ற மருத்துவப் பல்கலைக்கழகம் நிற்கும் பார்னசஸ் குன்று அதுதான். இன்னொன்று, ரயில் கம்பெனிகள் அரசுக்குத் தர வேண்டிய பழைய கடனைப் பல பத்தாண்டுகளுக்குத் தள்ளிப்போடச் சதர்ன் பசிபிக்கின் தலைவர் காலிஸ் ஹண்டிங்டன் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்துத் துண்டுப்பிரசுரமும் கடிதமுமாகக் காங்கிரஸைத் துளைத்தெடுத்தார். 1897 ஜனவரியில் மசோதா தோற்றது.

குளியல் மாளிகை அவ்வளவு பெரியதா?

கீழே தெரியும் தொட்டிகளின்மேல் மூன்று ஏக்கர் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூரையைக் கற்பனை செய்யுங்கள். ஏழு குளங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றவற்றில் கடல்நீர், வெவ்வேறு சூட்டில். கடல் ஏறும்போது அலையே வந்து சுமார் 17 லட்சம் கேலன் தொட்டிகளை நிரப்பிவிடும், ஒரு மணி நேரம் போதும். மலையிலிருந்து தண்ணீரைத் தானாக வடியவிட்டவர், இங்கே தானாக உள்ளே வரவைத்தார். வாடகைக்கு 20,000 நீச்சல் உடையும் 40,000 துண்டும் வைத்திருந்தார்கள். உடை எல்லாம் கறுப்புக் கம்பளி, நனைந்தால் கனக்கும். உள்ளே நுழைய 10 சென்ட், குளிக்க 25. படிக்கட்டு ஓரமெல்லாம் பாடம் செய்த விலங்குகள், எகிப்து மம்மிகள், இன்னும் என்னென்னவோ.

இத்தனைக்கும் பெரிய லாபம் பார்த்ததில்லை.

எல்லோரையும் உள்ளே விட்டார்களா?

இல்லை. 1897 ஜூலை 4 அன்று ஜான் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவர் காசு கொடுத்து உள்ளே போனார். வெள்ளையரோடு சேர்ந்து குளிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த ஆண்டுதான் மாநிலத்தில் சமவுரிமைச் சட்டம் வந்திருந்தது. ஹாரிஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். கிடைத்தது 100 டாலர் நஷ்ட ஈடு. ஏழைகளுக்குக் கதவு திறந்தவர் என்று சூட்ரோவைப் புகழ்கிறவர்கள் இந்தப் பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புத்தகப் பைத்தியம் என்கிறார்களே?

அதுவும் சாதாரணப் பைத்தியம் இல்லை. ஐரோப்பாவில் மடங்கள் விற்ற நூல்களையும் மெக்சிகோவில் ஒரு முழுப் புத்தகக் கடையையும் மொத்தமாக வாங்கினார். இரண்டு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அச்சு பிறந்த முதல் ஐம்பது ஆண்டுகளின் புத்தகங்களே ஆயிரக்கணக்கில். ஊருக்கு ஒரு பொது நூலகம் கட்டுவது திட்டம். கட்டுவதற்குள் அவர் போய்விட்டார். இரண்டு இடங்களில் பெட்டியோடு கிடந்தவற்றில் பாதி 1906 நிலநடுக்கத் தீயில் சாம்பலானது. மீதியை 1913-இல் குடும்பம் மாநில நூலகத்துக்குக் கொடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை. இன்றும் அங்கே சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

கடைசிக் காலம்?

நன்றாக இல்லை. லியாவும் அவரும் 1880 வாக்கிலேயே பிரிந்துவிட்டார்கள், லியா 1893-இல் இறந்தார். பதவி முடிந்த கொஞ்ச நாளில் சூட்ரோவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. 1898 தொடக்கத்தில் நீதிமன்றம் மருத்துவரான மகள் எம்மாவைப் பாதுகாவலராக நியமித்தது. ஆகஸ்ட் 8 அன்று இறந்தார். நிலம் ஏராளம், கையில் ரொக்கம் கொஞ்சம். தனக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் பங்கு உண்டு என்று ஒரு பெண் வழக்கோடு வந்தார். பிள்ளைகளுக்குள்ளும் இழுபறி. சொத்துத் தகராறு பல ஆண்டுகள் ஓடியது.

இன்று பார்க்க என்ன மிச்சம்?

மாளிகை மாதிரி எழும்பிய கிளிஃப் ஹவுஸ் 1906 நிலநடுக்கத்தில் தப்பி, அடுத்த ஆண்டு தீயில் போனது. இப்போது இருப்பது அதற்குப் பிந்திய கட்டடம். குளியல் மாளிகை 1966-இல் இடித்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தது. எஞ்சியவை அந்தத் தொட்டிகள். எகிப்து மம்மிகள் அதே மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. ஹைட்ஸ் தோட்டம் பூங்காவாக இருக்கிறது. நகரம் முழுக்கத் தெரியும் மூன்று கால் ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் சூட்ரோ பெயர்தான். அதைக் கட்டி முடித்தது 1973-இல், அவருக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

நகர மையத்திலிருந்து 38-ஆம் எண் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். கட்டணம் 5 சென்ட் இல்லை. முதலில் தோட்டத்தின் மேல் விளிம்புக்குப் போய்க் கடலைப் பாருங்கள், பிறகு தொட்டிகளுக்கு இறங்குங்கள். கரைச்சுவர் வழுக்கும். ஸ்வெட்டர் கட்டாயம், ஜூலையிலும் குளிரும்.